18446744073709551615: ஒரு பெரிய எண்ணைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

இருபது இலக்க எண் ஒன்றைப் பார்த்ததும் நம் கண் அதன் மேல் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். "அடேயப்பா, எவ்வளவு பெரிசு" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. முடியாமல் தொடர்ந்தால் இன்னும் மோசம். இலக்கங்களைக் கூட்டினால் 87, அதைக் கூட்டினால் 15, அதையும் கூட்டினால் 6, ஆறு சுக்கிரனுடைய எண், ஆகவே இது ஒரு ராசியான எண் என்று வாட்ஸ்அப்பில் ஒரு பதிவு வந்து சேரும்.

ஓர் எண்ணின் பண்பு என்று கணிதம் சொல்வது இந்த இரண்டையுமே அல்ல. ஒரு முழு எண் எவ்வளவு பெரியது என்பது அதைப் பற்றி அதிகம் சொல்லிவிடாது. எந்தெந்த எண்களைப் பெருக்கி அது உண்டானது என்பதுதான் சொல்லும். தலைப்பில் உள்ள எண்ணையே எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். பெருக்கலும் வகுத்தலும், எட்டாம் வகுப்பில் வந்த ஒரு முற்றொருமையும் தெரிந்திருந்தால் போதும்.

முதலில் வாய்விட்டு வாசிப்போம்

நம் முறைப்படி காற்புள்ளி வைத்தால் எண் இப்படி இருக்கும்: 1,84,46,74,40,73,70,95,51,615.

லட்சம், கோடிக்கு மேல் நமக்குப் பழக்கமில்லை. அதனால் வலது பக்கத்திலிருந்து ஏழேழு இலக்கமாக வெட்டிக்கொள்வது சுலபம். 184467, 4407370, 9551615 என்று மூன்று துண்டு கிடைக்கும். ஒவ்வொரு ஏழு இலக்கத்துக்கும் ஒரு 'கோடி' சேரும். ஆக, 1,84,467 கோடி கோடி, 44,07,370 கோடி, 95,51,615. இப்படி வாசித்தால் எண் ஓரளவு கைக்குள் வந்துவிடுகிறது.

அரிசியும் சதுரங்கப் பலகையும்

இந்த எண்ணைப் பலர் தெரியாமலே கேட்டிருப்பார்கள். கேரளத்தில் அம்பலப்புழை கிருஷ்ணன் கோவில் பால்பாயசத்துக்கு ஒரு கதை உண்டு. சதுரங்கத்தில் தோற்ற அரசனிடம் முனிவர் அரிசி கேட்கிறார். முதல் கட்டத்துக்கு ஒரு மணி, அடுத்ததற்கு 2, அதற்கடுத்ததற்கு 4, 8, 16 என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் இருமடங்கு. கட்டங்கள் 64. அரசன் சிரித்துக்கொண்டே சம்மதிக்கிறான், களஞ்சியம் காலியாகிறது. அந்தக் கடனைத்தான் இன்றும் பாயசமாக அடைத்துக்கொண்டிருக்கிறார்களாம்.

ஒரு மணி அரிசி 20 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் ஏறத்தாழ 36,900 கோடி டன். உலகம் முழுதும் ஓர் ஆண்டில் விளையும் அரிசி சுமார் 50 கோடி டன்தான். எழுநூறு ஆண்டு விளைச்சலை ஒரு பலகைக்குக் கொடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் இரண்டு பிழைகள் சகஜம். 64-ஆம் கட்டத்தில் 2⁶⁴ மணி இருக்கும் என்று நினைப்பது ஒன்று. முதல் கட்டத்தில் 2⁰, அதாவது 1 என்று தொடங்குவதால், 64-ஆம் கட்டத்தில் இருப்பது 2⁶³ மட்டுமே. 2⁶⁴ என்பது பலகையில் இல்லாத 65-ஆம் கட்டம். (2⁶⁴ என்றால் 2-ஐ 64 முறை எழுதிப் பெருக்குவது, மேலே சிறிதாக நிற்கும் 64-ஐ அடுக்கு என்பார்கள்.)

அடுத்த பிழை கூட்டுத்தொகையில் வருகிறது. எல்லாக் கட்டத்தையும் கூட்டினால் 2⁶⁴ கிடைக்காது, அதில் ஒன்று குறையும். ஏன் என்று பார்க்கச் சூத்திரம் வேண்டாம். பலகை நிறைந்த பிறகு, கூடுதலாக ஒரே ஒரு மணியை முதல் கட்டத்தில் போடுங்கள். அங்கே 2 மணி ஆகிறது. அந்த இரண்டையும் அள்ளி இரண்டாம் கட்டத்தில் போட்டால் 4. நான்கையும் அடுத்ததில் போட்டால் 8. இப்படியே தள்ளிக்கொண்டு போனால் கடைசிக் கட்டத்தில் எல்லாம் சேர்ந்து 2⁶³-க்கு இருமடங்கு, அதாவது 2⁶⁴. அந்த ஒற்றை மணி நாம் வெளியிலிருந்து போட்டது. எனவே பலகையில் முதலில் இருந்தது 2⁶⁴ − 1. நம் எண் அதுதான்.

ஆக, இதுவரை: இருபது இலக்கத்தில் கரடுமுரடாகத் தெரிந்த எண்ணுக்கு ஒரு நேர்த்தியான முகவரி இருக்கிறது. 2⁶⁴ − 1. இனி அதை வைத்தே வேலை செய்யலாம்.

உடை வேறு, உடம்பு வேறு

சுக்கிரன் கதைக்கு இங்கே முடிவு கட்டிவிடலாம். 18446744073709551615 என்று எழுதுவது பத்து இலக்கங்களைக் கொண்டு எழுதும் முறை. நமக்குக் கையில் பத்து விரல் இருப்பதால் வந்த பழக்கம். கணினி 0, 1 என்ற இரண்டே இலக்கங்களைக் கொண்டு எழுதுகிறது. அதற்கு இரும முறை என்று பெயர். அதில் நம் எண் 64 ஒன்றுகள் வரிசையாக நிற்பது மட்டுமே. சதுரங்கப் பலகையில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறதே, அதே படம்தான். நிரலாளர்கள் பயன்படுத்தும் பதினாறு இலக்க முறையில் 9-க்கு மேல் ஏ, பி என்று தொடங்கி எஃப் வரை எழுத்துகள் வரும். எஃப் என்றால் 15. அதில் நம் எண் பதினாறு எஃப்.

இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள். நம் முறையில் 87. இரும முறையில் 64. பதினாறு முறையில் 16 × 15 = 240. எண் ஒன்றுதான், கூட்டுத்தொகையோ மூன்று விதம். இரும முறையில் இடமிருந்தும் வலமிருந்தும் ஒரே மாதிரி வாசிக்கலாம், நம் முறையில் முடியாது. இவையெல்லாம் எண் போட்டிருக்கும் உடையைப் பற்றிய செய்திகள். உடையை மாற்றினால் போய்விடும்.

'17-ஆல் மீதியின்றி வகுபடும்' என்பது அப்படியல்ல. எந்த முறையில் எழுதினாலும், அரிசி மணியாகக் கொட்டி வைத்தாலும், பதினேழு பதினேழாகப் பிரித்தால் மிச்சம் இருக்காது. அது உடம்பைப் பற்றிய செய்தி.

சில நேரம் உடையின் வழியாக உடம்பு கொஞ்சம் தெரியும். இலக்கக் கூட்டுத்தொகை 3-ஆல் வகுபட்டால் எண்ணும் வகுபடும் என்று பள்ளியில் சொன்னார்களே, அது அப்படிப்பட்டது. 10-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 1. 100-க்கும் 1000-க்கும் மீதி 1 தான். அதனால் 400 என்பது, 3-இன் பார்வையில், 4-க்குச் சமம். இலக்கங்களைக் கூட்டினால் மீதி மாறாது. 87 = 3 × 29 என்பதால் நம் எண் 3-ஆல் வகுபடும். 9-க்கும் இதே விதி பொருந்தும். 87-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 6 வருகிறது, ஆகவே 9-ஆல் வகுபடாது. அதாவது எண்ணுக்குள் ஒரு 3 உண்டு, இரண்டு 3 கிடையாது. கடைசி இலக்கம் 5 என்பதால் உள்ளே ஒரு 5-உம் உண்டு.

இதற்கு மேல் உடையைப் பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே போக வேண்டும்.

எண்ணை உடைத்தல்

1-ஆலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத, 1-ஐ விடப் பெரிய எண் பகா எண். 2, 3, 5, 7, 11 எல்லாம் அந்த வகை. மற்றவை பகு எண்கள். அவற்றைப் பகா எண்களின் பெருக்கலாக உடைத்துவிடலாம். 60-ஐ 6 × 10 என்று தொடங்கி உடைத்தாலும், 4 × 15 என்று தொடங்கி உடைத்தாலும், கடைசியில் கையில் நிற்பது 2, 2, 3, 5. எந்த எண்ணுக்கும் இப்படி ஒரே ஒரு பட்டியல்தான் உண்டு. வரிசை மாறலாம், சரக்கு மாறாது. அந்தப் பட்டியலில் உள்ளவை அந்த எண்ணின் பகாக் காரணிகள்.

உடைக்க நேர்வழி ஒன்று இருக்கிறது: 2, 3, 5, 7 என்று பகா எண்களால் வகுத்துக்கொண்டே போவது. எண்ணின் வர்க்கமூலம் வரை போனால் போதும், ஏனென்றால் ஒரு காரணி வர்க்கமூலத்தைத் தாண்டினால் அதன் ஜோடி அதற்குக் கீழே இருந்தாக வேண்டும். நம் எண்ணின் வர்க்கமூலம் கிட்டத்தட்ட 2³², அதாவது 429 கோடி. அதற்குள் இருக்கும் பகா எண்கள் 20,32,80,221. கணினிக்கு இது சில நொடி வேலை. கையால் செய்வதென்றால் ஒரு பிறவி போதாது.

ஆனால் நம்மிடம் 2⁶⁴ − 1 என்ற முகவரி இருக்கிறதே. எட்டாம் வகுப்பு முற்றொருமை: a² − b² = (a + b)(a − b). 2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம். 1 என்பது 1-இன் வர்க்கம். எனவே,

2⁶⁴ − 1 = (2³² + 1) × (2³² − 1)

இரண்டாவது அடைப்பும் அதே வடிவம். அதையும் உடைக்கலாம்:

2³² − 1 = (2¹⁶ + 1) × (2¹⁶ − 1)
2¹⁶ − 1 = (2⁸ + 1) × (2⁸ − 1)
2⁸ − 1 = (2⁴ + 1) × (2⁴ − 1)
2⁴ − 1 = (2² + 1) × (2² − 1)
2² − 1 = (2 + 1) × (2 − 1)

கடைசியில் வரும் 2 − 1 வெறும் 1. மீதியைக் கீழிருந்து மேலாகச் சேர்த்தால்:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

ஆறே வரியில், ஒரு வகுத்தல்கூடப் போடாமல், இருபது இலக்க எண் ஆறு துண்டாகிவிட்டது. எண் பெரியதாக இருப்பதும் உடைக்கக் கடினமாக இருப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. இந்த எண் உடைந்ததற்குக் காரணம் 64 என்ற அடுக்கு. அதை ஆறு முறை பாதியாக்கலாம். அடுக்கு 61-ஆக இருந்திருந்தால் இந்த வித்தை முதல் வரியிலேயே நின்றிருக்கும். சொல்லப்போனால் 2⁶¹ − 1 ஒரு பகா எண், உடைக்கவே முடியாது.

பெர்மா நம்பியதும் ஆய்லர் உடைத்ததும்

மேலே கிடைத்த ஆறு எண்களையும் பாருங்கள். ஒவ்வொன்றும் 2-இன் ஓர் அடுக்கோடு 1 கூட்டியது, அந்த அடுக்குகளோ 1, 2, 4, 8, 16, 32. இவற்றுக்குப் பெர்மா எண்கள் என்று பெயர். பிரான்ஸில் வழக்குரைஞராக இருந்த பியர் த பெர்மா, 1640 வாக்கில் எழுதிய கடிதங்களில், இந்த வகை எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று தாம் நம்புவதாகச் சொல்லியிருந்தார். 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள்தான். ஆறாவதில் அவர் கணக்கு தவறிப்போனது. 1732-இல் சுவிஸ் கணிதவியலாளர் லியோன்ஹார்ட் ஆய்லர், 4294967297 என்பது 641-ஆல் வகுபடும் என்று காட்டினார்.

இதைச் சரிபார்க்க மீதிக் கணக்கு என்ற ஒரு கருவி வேண்டும். இன்று செவ்வாய்க்கிழமை, 100 நாள் கழித்து என்ன கிழமை? நூறு நாளையும் யாரும் எண்ண மாட்டோம். 98 நாள் பதினான்கு வாரம், அதை விட்டுவிடு, மீதி 2, ஆகவே வியாழன். ஏழின் மடங்குகளைத் தூக்கியெறிந்துவிட்டு மீதியை மட்டும் வைத்துக்கொள்கிறோம். கூட்டலிலும் பெருக்கலிலும், எந்தக் கட்டத்திலும் இப்படித் தூக்கியெறியலாம், விடையின் மீதி கெடாது.

நம் எண்ணுக்கே போட்டுப் பார்ப்போம். 2³ = 8, ஏழால் வகுத்தால் மீதி 1. 64 என்பது 3 × 21 + 1. எனவே 2⁶⁴-இல் 21 முறை 8 வருகிறது, ஒவ்வொன்றும் மீதி 1, கடைசியில் ஒரு 2 மிஞ்சுகிறது. 2⁶⁴-இன் மீதி 2, நம் எண்ணின் மீதி 1. இன்று செவ்வாய் என்றால், 18446744073709551615 நாள் கழித்து வருவது புதன். 7 நம் எண்ணை வகுக்காது என்பதும் அதே மூச்சில் தெரிந்துவிட்டது.

இனி 641. அதை இரண்டு விதமாக எழுதலாம்:

641 = 640 + 1 = 5 × 2⁷ + 1
641 = 625 + 16 = 5⁴ + 2⁴

641-ஆல் வகுக்கும் மீதிக் கணக்கில் 641 என்பது 0. முதல் வரியின்படி 5 × 2⁷ என்பது −1-க்குச் சமம். இரண்டு பக்கத்தையும் நான்கு முறை பெருக்கினால் 5⁴ × 2²⁸ என்பது 1-க்குச் சமம். இரண்டாவது வரியின்படி 5⁴ என்பது −2⁴-க்குச் சமம். அதை உள்ளே போட்டால் −2⁴ × 2²⁸, அதாவது −2³², 1-க்குச் சமம். ஆகவே 2³² + 1 என்பது 0. மீதி இல்லை. பத்து இலக்க எண்ணை வகுக்காமலே வகுபடும் என்று காட்டிவிட்டோம். நம்பாதவர்கள் தாளை எடுத்துப் பெருக்கிப் பார்க்கலாம்: 6700417 × 641. அறுநூறால் பெருக்கினால் 4020250200, நாற்பத்தொன்றால் பெருக்கினால் 274717097, இரண்டும் சேர்ந்து 4294967297.

641 என்று தெரிந்த பிறகு சரிபார்ப்பது எளிது, அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்ற கேள்வி வரும். குருட்டாம்போக்கில் தேட வேண்டியதில்லை. இந்த எண்ணின் எந்தப் பகாக் காரணியும் 64-இன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்க முடியும் என்பது ஆய்லருக்குத் தெரியும். அந்த வடிவில் உள்ளவை 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டுமே. ஐந்தாவது வகுத்தலிலேயே சிக்கிவிட்டது.

மிச்சமிருக்கும் 6700417 பகா எண்ணா? அதன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றுத் தாண்டும். அதே வடிவில், 641-இலிருந்து அதுவரை உள்ள பகா எண்கள் ஏழே ஏழு: 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113. எதுவும் வகுக்காது. எனவே அது பகா எண். (வழியில் 1729-உம் எட்டிப்பார்க்கும், 64 × 27 + 1 ஆயிற்றே. ஆனால் அது 7 × 13 × 19, பகு எண், இங்கே அதற்கு வேலையில்லை.)

எனவே முழுப் பட்டியல்:

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

ஏழு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே முறை. இதுதான் இந்த எண்ணின் ஜாதகம். இனிக் கேட்கும் கேள்விகள் பலவற்றுக்கும் விடை இதற்குள் இருக்கிறது.

இடையில் ஒரு செய்தி. 1796-இல் ஜெர்மன் கணிதவியலாளர் காஸ், அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு 17 பக்கச் சீர்பலகோணம் வரைய முடியும் என்று காட்டினார். பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அது பெர்மா பகா எண் ஒன்றாகவோ வெவ்வேறு பெர்மா பகா எண்களின் பெருக்கலாகவோ இருக்க வேண்டும். இன்றுவரை தெரிந்த பெர்மா பகா எண்கள் அந்த ஐந்தே. ஐந்தையும் பெருக்கினால் 4294967295, அதாவது 2³² − 1. இப்படி வரைய முடியும் என்று நமக்குத் தெரிந்த ஒற்றைப்படைப் பலகோணங்களில் மிகப் பெரியது அது. 2⁶⁴ − 1 பக்கம் கொண்டதை வரைய முடியாது. 641 குறுக்கே நிற்கிறது.

எத்தனை எண்களால் வகுபடும்?

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண் அதன் வகுத்தி. 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு வகுத்திகள். நம் எண்ணுக்கு எத்தனை?

இலையில் ஏழு பதார்த்தம் வைத்திருக்கிறது, ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம் என்றால் எத்தனை விதமாகச் சாப்பிடலாம்? ஒவ்வொன்றுக்கும் இரண்டு வழி, ஆக 2 × 2 × 2 × 2 × 2 × 2 × 2 = 128. வகுத்திகளும் அப்படியே. ஏழு பகா எண்களில் எதை எடுத்து எதை விடுகிறோமோ அதற்கேற்ப ஒரு வகுத்தி. எதையும் எடுக்காவிட்டால் 1. எல்லாவற்றையும் எடுத்தால் எண்ணே. ஒரு பகா எண் இரண்டு முறை வந்திருந்தால், அதை எடுக்காமல் விடலாம், ஒன்று எடுக்கலாம், இரண்டு எடுக்கலாம் என்று மூன்று வழி ஆகியிருக்கும்; 12-இல் நடப்பது அது (2, 2, 3 என்பதால் 3 × 2 = 6).

வகுத்திகளைக் கூட்டுவதும் பழைய விளையாட்டு. எண்ணைத் தவிர மற்ற வகுத்திகளின் கூட்டுத்தொகை எண்ணுக்கே சமமாக வந்தால் அது நிறை எண்: 6 = 1 + 2 + 3. குறைந்தால் குறை எண், மிஞ்சினால் மிகை எண். நம் எண்ணுக்கு 128 வகுத்திகளையும் கூட்டத் தேவையில்லை. ஒவ்வொரு பகாக் காரணியோடும் 1 கூட்டிப் பெருக்கினால் எல்லா வகுத்திகளின் கூட்டுத்தொகையும் வந்துவிடும்: 4 × 6 × 18 × 258 × 642 × 65538 × 6700418. அடைப்புகளைப் பிரித்துப் பெருக்கினால் 128 வகுத்திகளும் ஒவ்வொரு முறை தலைகாட்டும், அதனால்தான். இது நம் எண்ணைப் போல் ஏறத்தாழ 1.703 மடங்கு. எண்ணையே கழித்துவிட்டால் 0.703 மடங்கு. குறை எண். 128 வகுத்திகள் இருந்தும் குறைதான், ஏனென்றால் காரணிகளில் 2 இல்லை. சிறிய காரணிகளே கூட்டுத்தொகையை ஏற்றிவிடும். 65537-உம் 6700417-உம் இருந்தும் இல்லாதது போல.

அண்டை வீட்டுக்காரர்கள்

அளவு எதையும் சொல்லாது என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இதோ இன்னொரு சான்று. ஒன்றையடுத்து ஒன்றாக நிற்கும் எண்களைப் பாருங்கள்.

615-இல் முடியும் நம் எண்ணுக்கு ஏழு வெவ்வேறு பகாக் காரணிகள், 128 வகுத்திகள்.

616-இல் முடிவது 2⁶⁴. அதற்குள் 2-ஐத் தவிர எதுவும் இல்லை. வகுத்திகள் 65.

617-இல் முடிவது 2⁶⁴ + 1, ஏழாவது பெர்மா எண். அதற்கு இரண்டே பகாக் காரணிகள்: 274177, 67280421310721. வகுத்திகள் 4. இதை உடைத்து 1880-இல் வெளியிட்டவர் பார்ச்சூனே லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர், அப்போது அவருக்கு வயது 82.

கீழே 58 எண் தள்ளி, 557-இல் முடிவது பகா எண். 2⁶⁴-க்குக் கீழே உள்ள மிகப் பெரிய பகா எண் அதுவே.

இவற்றின் அளவில் வித்தியாசமே இல்லை எனலாம். உள்ளே இருப்பதோ ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதது. அடுத்தடுத்த இரண்டு எண்களுக்குப் பொதுவாகப் பகாக் காரணி ஒன்றுகூட இருக்காது. இருந்தால் அது அவற்றின் வித்தியாசமான 1-ஐயும் வகுக்க வேண்டிவரும்.

முக்கோண எண்ணா என்ற கேள்வியும் ராமானுஜனும்

1, 1 + 2 = 3, 1 + 2 + 3 = 6, பிறகு 10, 15 என்று வருபவை முக்கோண எண்கள். கோலப்புள்ளியை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக வைத்தால் முக்கோணம் வருமே, அந்தப் புள்ளிகளின் எண்ணிக்கை. பெரிய எண்களைப் பற்றிப் பேசும்போது இதுவும் வழக்கமாகக் கேட்கப்படும் ஒரு பண்பு.

ஓர் எண்ணை 8-ஆல் பெருக்கி 1 கூட்டினால் முழு வர்க்கம் வந்தால், வந்தால் மட்டுமே, அது முக்கோண எண். நம் எண்ணுக்கு: 8 × (2⁶⁴ − 1) + 1 = 2⁶⁷ − 7. இது ஒரு முழு எண்ணின் வர்க்கமா?

இதே கேள்வியை, 67 என்றில்லாமல் எல்லா அடுக்குகளுக்கும் சேர்த்து, 1913-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் எழுப்பியவர் ஸ்ரீனிவாச ராமானுஜன். 2-இன் அடுக்கிலிருந்து 7-ஐக் கழித்தால் வர்க்கம் வருவது அடுக்கு 3, 4, 5, 7, 15 ஆக இருக்கும்போது மட்டும்தான் என்பது அவர் கருத்து. 8 − 7 = 1, 16 − 7 = 9, 32 − 7 = 25, 128 − 7 = 121, 32768 − 7 = 32761, அது 181-இன் வர்க்கம். அதற்குப் பிறகு வேறு எதுவுமே கிடையாது என்பதை 1948-இல் நார்வேயைச் சேர்ந்த நாகெல் நிறுவினார். 67 அந்தப் பட்டியலில் இல்லை. நம் எண் முக்கோண எண் அல்ல. இருபத்தொரு இலக்கத்துக்கு வர்க்கமூலம் எடுக்கும் வேலையே வேண்டியிருக்கவில்லை.

வர்க்க எண்ணா என்று கேட்டால் விடை இன்னும் சுருக்கம். 2⁶⁴ ஒரு வர்க்கம், நம் எண் அதைவிட ஒன்று குறைவு. 1-க்கு மேல், ஒன்றே வித்தியாசத்தில் இரண்டு வர்க்கங்கள் நிற்காது.

கணினியில் எங்கே தவறும்?

இதையெல்லாம் நீங்களே போட்டுப் பார்க்க நினைத்தால் முதலில் எக்செல்லை மூடிவிடுங்கள். எக்செல் ஓர் எண்ணில் முதல் 15 இலக்கங்களைத்தான் வைத்துக்கொள்ளும். இந்த எண்ணைத் தட்டச்சு செய்தால் 18446744073709500000 என்று சேமித்துவிடும், எச்சரிக்கைகூடக் கொடுக்காது. அதன் பிறகு போடும் எந்த வகுத்தல் சோதனையும் வேறு ஓர் எண்ணைப் பற்றியது.

ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியில் சாதாரணமாக எழுதினால் 18446744073709552000 என்று காட்டும். காரணம், அது எண்களை வைக்கும் முறையில் துல்லியத்துக்கு 53 இரும இடங்களே உண்டு. 2⁵³, அதாவது 9007199254740992 வரை எல்லா முழு எண்களும் பத்திரம். அதற்கு மேல் இடைவெளிகள் விழத் தொடங்கும். நம் எண்ணுக்கு அங்கே இடமில்லாததால் பக்கத்து வீடான 2⁶⁴-இல் போய் உட்கார்ந்துவிடுகிறது. ஒற்றைப்படை எண் இரட்டைப்படை ஆகிவிட்டது, 128 வகுத்திகள் 65 ஆகிவிட்டன.

பைத்தான் என்ற நிரல் மொழி முழு எண்களை எவ்வளவு நீளமானாலும் அப்படியே வைத்துக்கொள்ளும். ஆனால் அங்கும் ஒரு குழி: ஒற்றைச் சாய்கோடு போட்டு வகுத்தால் விடை தசம எண்ணாகி, மேலே சொன்ன துல்லியக் குறைவு திரும்ப வந்துவிடும். இரட்டைச் சாய்கோடு போட வேண்டும். மீதி வேண்டுமென்றால் சதவீதக் குறி. லினக்ஸில் ஃபேக்டர் என்ற கட்டளைக்குப் பின்னால் எண்ணைக் கொடுத்தால், ஏழு பகாக் காரணிகளும் ஏறுவரிசையில் உடனே வந்து நிற்கும்.

பட்டியலில் உள்ள 65537-ஐ நீங்கள் தினமும் பயன்படுத்துகிறீர்கள். இணையத்தில் பூட்டுப்போடும் ஆர்எஸ்ஏ முறையில் பொதுச் சாவியின் அடுக்காகப் பெரும்பாலும் இதையே வைக்கிறார்கள். பகா எண் என்பது ஒரு வசதி. இரும முறையில் இதில் இரண்டே ஒன்றுகள் இருப்பது இன்னொரு வசதி: ஓர் எண்ணை 65537-ஆம் அடுக்குக்கு உயர்த்த 16 முறை வர்க்கம் எடுத்து ஒரு முறை பெருக்கினால் போதும். அந்தப் பூட்டின் பலமே பெரிய எண்ணை உடைக்க முடியாமையில் இருக்கிறது. ஆனால் அங்கே பயன்படும் எண்கள் ஏறத்தாழ 617 இலக்கம் கொண்டவை, அத்துடன் 2⁶⁴ − 1 போன்ற முகவரி எதுவும் வெளியே தெரியாதபடி, இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கிச் செய்தவை. அந்த வகையில் 250 இலக்க எண் ஒன்றை உடைக்கவே 2020 வரை ஆயிற்று.

கடைசியாக, பிழைப் பதிவுகளில் இந்த எண்ணைப் பார்த்துத் திடுக்கிடுபவர்களுக்கு. கோப்பின் அளவு 18446744073709551615 பைட் என்று எங்காவது வந்தால், உங்கள் வட்டில் அவ்வளவு பெரிய கோப்பு எதுவும் இல்லை. 64 இரும இடங்கள் கொண்ட பெட்டியில், குறையெண்ணுக்கு இடமில்லாத வகையில் வைக்கக்கூடிய மிகப் பெரிய எண் இது. 99999 ஓடிய பைக் மீட்டர் அடுத்த கிலோமீட்டரில் 00000 ஆவது போல, இதனுடன் 1 கூட்டினால் 65-ஆவது இடம் இல்லாததால் பெட்டி 0 காட்டும். பின்னோக்கிப் போனாலும் அதே கதைதான், 0-இலிருந்து 1-ஐக் கழித்தால் எல்லா இடமும் ஒன்றாகி இந்த எண் வந்துவிடும். நிரலில் 'கிடைக்கவில்லை' என்று சொல்ல −1 அனுப்புவது வழக்கம். குறியை மதிக்காத ஒரு மாறி (நிரல் எண்ணை வைக்கும் பெட்டி) அதை வாங்கி அச்சிட்டிருக்கிறது. அந்த இருபது இலக்கத்தை −1 என்று வாசித்துவிட்டு, அந்த −1 எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள்.